கலமும் அமானிதமும்

கிள்ளையில் நம் முன்னோர் வாழ்ந்த வீட்டின் அடுக்களையில், வெளிச்சம் எட்டாத மூலையொன்றில், ஒரு ஜாடி இருந்தது. மேற்பாதி தேன்பழுப்பு, கீழ்ப்பாதி மங்கிய வெண்மை. முழங்கால் உயரம் இருக்கும். ஆண்டுதோறும் அதில் நார்த்தங்காய் ஊறியது. உப்பும் புளிப்பும் எத்தனையோ கோடைகளைக் கடந்தும் அதன் உட்சுவரை அரிக்கவில்லை. நம் நன்னி அதன் வாயை வெள்ளைத் துணியால் இறுகக் கட்டி வைப்பார், பிஸ்மில்லாஹ் கூறியே திறப்பார், ஈரக்கையால் தொடவிடமாட்டார்.

நன்னி மறைந்தபின் பாகப்பிரிவினை நடந்தது. நிலம், நகை, செம்பு அண்டா, பித்தளைத் தேக்சா என எல்லாம் பட்டியலில் ஏறின. ஜாடி ஏறவில்லை. அதற்கு ஒரு விலை உண்டென்று எவருக்கும் தோன்றவில்லை போலும். கேட்பாரற்று நின்ற அதனை நம் உம்மா எடுத்துவந்தார். இன்றும் அது நம் வீட்டில் இருக்கிறது. இன்றும் அதில் ஊறுகாய் ஊறுகிறது.

அதனுள் கையை விட்டுத் தடவினால், சக்கரம் சுழன்றபோது குயவரின் விரல்கள் ஏறிச்சென்ற வரிகள் தட்டுப்படும். கவிழ்த்துப் பார்த்தால், அடி விளிம்பின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தடம் தெரியும். மெருகுக் குழம்பில் தோய்க்கும்போது ஜாடியைப் பற்றியிருந்த விரல் அது. அவர் யார், எவ்வூரார், எம்மதத்தார் என்பது நமக்குத் தெரியாது. அவருக்கும் நம்மைத் தெரியாது. ஆயினும் நம் வீட்டார் மூன்று தலைமுறையாக அவருடைய நேர்மையை உண்டு வாழ்கின்றனர். நாம் சிந்திக்க விழையும் வினா இங்கேதான் எழுகிறது. தான் ஒருநாளும் காணப்போகாத ஒருவருக்கு, ஒரு பொருளைச் செய்கிறவன் எவ்வளவு கடமைப்பட்டவன்? பெயரறியாத அந்தக் கைக்கு, அதனைப் பயன்படுத்துகிறவன் என்ன கடமைப்பட்டவன்?

முதலில் இக்கலம் எத்தகையது என்று காண்போம். மெருகிட்ட மண்கலம் எதனையும் நம் மக்கள் பீங்கான் என்றே சொல்வர். பாரசீகத்துப் 'பிங்கான்' தமிழில் வந்து தங்கிய சொல் அது. அதே சொல் அரபியில் 'ஃபின்ஜான்' ஆகி, அரபு நாடுகளில் கஹ்வா அருந்தும் சிறு கோப்பைக்கு இன்றும் பெயராக வழங்குகிறது. பீங்கானிலும் இனங்கள் உண்டு. மெல்லியதாய், ஒளி ஊடுருவும்படி வெந்தது ஓர் இனம். கனத்து, கல்லைப்போல் இறுகி, ஊறுகாய் ஜாடியாகவும் கோப்பையாகவும் தட்டாகவும் அன்றாடம் புழங்குவது மற்றோர் இனம். ஆங்கிலத்தில் 'ஸ்டோன்வேர்' எனப்படும் இதனைக் கற்கலம் என்று நாம் அழைக்கலாம். மாக்கல்லைக் குடைந்து செய்யும் கல்சட்டி வேறு. இது மண்ணாகப் பிறந்து நெருப்பில் கல்லானது.

நம் ஊர்ப் பானை ஏறக்குறைய 700 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வேகிறது. கற்கலத்துக்கு 1200 முதல் 1300 டிகிரி வரை வேண்டும். அந்தச் சூட்டில் மண்ணின் ஒரு பகுதி கண்ணாடிபோல் உருகி, மற்றத் துகள்களைப் பிணைத்துவிடுகிறது, நுண்துளைகள் அடைபட்டுப்போகின்றன. ஆகவே அதன் வழியே நீர் கசியாது. உப்பும் புளியும் அதனை அரிக்கா. பானையின் நிலை வேறு. அதன் நுண்துளைகள் வழியே கசியும் நீர் காற்றில் ஆவியாவதாலன்றோ பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது? அதே கசிவு ஜாடியில் இருந்தால் ஊறுகாய் கெட்டுவிடும். பானைக்குக் குணமாயிருப்பது ஜாடிக்குக் குறையாகிறது. குறை எது, குணம் எது என்பதைப் பொருளின் பயனை வைத்தே சொல்ல முடியும் என்பதை நாம் இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மண்ணும் அவ்வாறே. வெள்ளாற்றங்கரை வண்டலில் நல்ல பானை செய்யலாம். அதனையே கற்கலச் சூளையில் வைத்தால், சூடு தாங்காமல் உப்பிச் சாய்ந்து உருகிவிடும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தை அகழும்போது வெளிப்படும் வெண்களிமண் போன்றவையே அந்த நெருப்பைத் தாங்குபவை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியதற்கு அம்மண் அருகில் கிடைப்பதும் ஒரு காரணம். எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேற்பட்டு இறைவன் சிரமப்படுத்துவதில்லை என்னும் திருமறையின் கருத்தை நாம் அறிவோம். தன் மண்ணின் சக்தியை அறிந்து நெருப்பிடும் குயவரும் அந்த நெறியைத் தம் தொழிலில் கற்றவராகவே தோன்றுகிறார்.

இப்படிப்பட்ட கலங்கள் நம் கடற்கரைக்குப் புதியவை அல்ல. கிள்ளைக்கு வடக்கே உள்ள பரங்கிப்பேட்டையை மஹ்மூது பந்தர் என்று பழைய ஏடுகள் அழைக்கும். அங்கிருந்து நம் மரைக்காயர்களின் கப்பல்கள் பர்மாவுக்கும் மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் சென்றன. பர்மாக் கரையின் மர்த்தபான் துறையிலிருந்து கப்பலேறிய பெருஞ்ஜாடிகள் இந்துமாக்கடல் எங்கும் அத்துறையின் பெயராலேயே வழங்கின. உருதுவில் இன்றும் ஊறுகாய் ஜாடிக்கு 'மர்த்தபான்' என்றே பெயர். 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா, தமக்குப் பரிசாகக் கிடைத்த மர்த்தபான்களில் இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் கடற்பயணத்துக்காக உப்பிடப்பட்டிருந்ததைக் குறித்துவைத்துள்ளார்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே, 9ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலொன்று கண்டெடுக்கப்பட்டது. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய, அரபு நாட்டு முறையிலான மரக்கலம் அது. சீனாவிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்த அதில் ஏறக்குறைய 60,000 பீங்கான் கலங்கள் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சாங்ஷா சூளைகளில் செய்த சாதாரணக் கற்கலக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குரிய தேதி பொறிக்கப்பட்டிருந்தது. பெரிய ஜாடிகளுக்குள் அக்கிண்ணங்கள் சுருள் சுருளாக அடுக்கப்பட்டிருந்தன. சிலவற்றில் அரபு எழுத்தைப் பார்த்து வரைந்தாற்போன்ற கோலங்களும் உள்ளன. அந்தப் புதையலின் பெரும்பகுதி இன்று சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தச் சூளையில் உழைத்தவரை எண்ணிப்பாருங்கள். கடலையே கண்டிராத உள்நாட்டுச் சீனர் அவர். தாம் செய்யும் கிண்ணத்தில் எந்நாட்டார் என்ன உண்பர் என்று அவர் எவ்வாறு அறிந்திருக்க இயலும்? தம் கிண்ணம் கசிந்தால், பாரசீக வளைகுடாவிலிருந்து ஒருவர் திரும்பிவந்து அவரிடம் முறையிடப் போவதில்லை. எனினும் பதினொரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் கடலடியில் கிடந்தும், அக்கிண்ணங்களில் ஆயிரக்கணக்கானவை உடையாமல் வெளிவந்துள்ளன. கேட்பவர் இல்லாத இடத்திலும் ஒழுங்காகச் செய்த கை அது. நம் வழக்கில் இதற்கு அமானிதம் என்று பெயர்.

இனி, நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வீட்டில் ஒரு நிக்காஹ் நடந்தபோது, நகரத்துக் கடையொன்றில் கையாற் செய்தவை என்று சொல்லி விற்ற ஆறு கோப்பைகளை வாங்கினோம். விலை மிகுதி, எனினும் பேரம் பேசவில்லை. சம்பந்தி வீட்டார்க்குத் தேநீர் கொடுத்த அன்று, ஒரு கோப்பையின் அடியில் விரிப்பு நனைந்து வட்டமாகக் கறை படிந்தது. கவிழ்த்துப் பார்த்தபோது, அடியில் மயிரிழைக் கீறல் ஒன்றிருந்தது. அதில் மெழுகு போன்ற எதையோ அடைத்து, மேலே வண்ணம் பூசியிருந்தனர். தேநீரின் சூட்டில் மெழுகு இளகிவிட்டது. கடைக்கு எடுத்துச்சென்று காட்டினோம். விற்றவர் முகம் சுளிக்காமல், "கையால செஞ்சதுன்னா அப்படித்தாங்க இருக்கும்" என்றார்.

கோப்பையின் விலையைவிட அந்த விடையே நம்மை உறுத்தியது. 'கையாற் செய்தது' என்பது குறைக்கு மன்னிப்புச் சீட்டா? கடைத்தெருவில் தானியக் குவியலொன்றினுள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்டதையும், ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததையும் நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கற்கின்றனர். குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித்தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டென்பது பிக்ஹு நூல்கள் வகுத்த சட்டம். ஆனால் கையாற் செய்த பொருளில் எது குறை, எது கையின் இயல்பு என்று யார் சொல்வது?

இதற்கு விடை தேடி நாம் புதுச்சேரிப் பக்கம் சென்றோம். அங்கே 1971ஆம் ஆண்டில், அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கரும், ஜப்பானில் மட்கலைப் பயிற்சி பெற்ற டெபரா ஸ்மித்தும் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்னும் பட்டறையைத் தொடங்கினர். தமிழகத் தொழிலாளர்களைப் பழக்கி, நாள்தோறும் புழங்கும் தட்டு, கோப்பை, கெண்டி முதலியவற்றைச் செய்வித்தனர். நம் கடற்கரைத் தோப்புகளின் சவுக்கு விறகே அவர்களது சூளைக்கு எரிபொருளாயிற்று. அங்கே பயின்றவர்களால் புதுச்சேரி, ஆரோவில் வட்டாரத்தில் பல சிறு பட்டறைகள் தோன்றின.

அவ்வட்டாரத்துச் சிறு பட்டறை ஒன்றில் தமிழ்க் குயவர் ஒருவரைக் கண்டோம். தம் தகப்பனார் பானை வனைந்தவர் என்றும், தாம் இத்தொழிலைப் பின்னர்க் கற்றதாகவும் சொன்னார். காற்றுக் குமிழி இல்லாமல் மண்ணைப் பிசைவது, சக்கரத்தில் ஏற்றுவது, நிழலில் உலர்த்துவது, அடியைச் செதுக்குவது, ஒருமுறை சுட்டபின் சாம்பலும் சுண்ணாம்பும் பாறைத்தூளும் கலந்த மெருகில் தோய்த்து மறுமுறை சுடுவது என ஒவ்வொன்றாகக் காட்டினார். ஈரத்தில் இருந்த அளவு வெந்தபின் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சுருங்கிவிடுமாம். சூளை ஆறும் வரையில், ஒருநாளுக்கு மேலாயினும், காத்திருந்தே திறக்க வேண்டுமாம். அவசரப்பட்டால் கலம் கீறிவிடும்.

சூளையிலிருந்து எடுத்த கோப்பை ஒவ்வொன்றையும் அவர் முதலில் கவிழ்த்தே பார்த்தார். அடி விளிம்பை உள்ளங்கையில் தேய்த்துச் சொரசொரப்பு உண்டாவென்று சோதித்தார். பிறகு நீர் நிரப்பிக் காகிதத்தின் மேல் இரவு முழுவதும் வைப்பாராம். "மேல இருக்கிற மெருகை வாங்குறவங்களே பாத்துடுவாங்க, பாய். அடியை நான்தான் பாக்கணும்" என்றார்.

அங்கே தனியாக ஒரு பலகை இருந்தது. மெருகு வழிந்தவை, நிறம் மாறியவை, வாய் சற்றே கோணியவை அதில் குறைந்த விலைக்கு அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் குறையும் சுண்ணக்கட்டியால் வட்டமிடப்பட்டிருந்தது. வாசலருகே உடைந்த ஓடுகளின் குவியல் ஒன்றும் கிடந்தது. கசிந்தவற்றைத் தாமே உடைத்துப் போட்டதாகச் சொன்னார். குறையைச் சொல்லியே பாதி விலைக்கு விற்கலாகாதா என்று கேட்டோம்.

"வாங்குவாங்க, பாய். வாங்குறவங்ககிட்ட நான் சொல்லிடுவேன். அவங்க வேற யாருக்காச்சும் குடுத்துட்டா? அவங்ககிட்ட யாரு சொல்றது?"

சட்டம் முதல் வாங்குபவரோடு நின்றுவிடுகிறது. அவருடைய நெஞ்சு இரண்டாமவரையும் எண்ணிப்பார்த்தது. பெரிய நூல்களில் நாம் தேடிய விடையை அந்த ஓட்டுக்குவியலின் பக்கத்தில் நின்று அறிந்துகொண்டோம். விரல் வரியும் மெருகின் வழிவும் ஒன்றுக்கொன்று சிறிது மாறிய வடிவும் கலத்தின் தழும்புகள். அவை செய்தவர் ஒரு மனிதர் என்பதை உரைக்கின்றன. உண்பவர்க்கு அவற்றால் தீங்கில்லை. கசிவும், உதட்டைக் கீறும் விளிம்பும், மறைத்த வெடிப்பும் குறைகள். அவை உண்பவருக்கு இழைக்கும் அநீதி. தழும்பைக் காட்டிக் குறைக்கு மன்னிப்புத் தேடுவதுதான் அந்தக் கடைக்காரர் செய்த பிழை.

கண்ணுக்கே தெரியாத குறையும் ஒன்றுண்டு. குறைந்த சூட்டில் மெருகு எளிதில் உருகிப் பளபளக்க வேண்டுமென்று அதில் காரீயம் சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. பாத்திரத்துக்கு நாம் பூசும் வெள்ளீயம் வேறு, இது நஞ்சு. இத்தகைய மெருகு சரிவர அமையாவிட்டால், புளிப்பான உணவு அதிலிருந்து காரீயத்தைக் கரைத்தெடுக்கும். அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கற்கலத்தின் கடுஞ்சூட்டில் காரீயம் இல்லாமலே மெருகு உருகும். ஆனால் எந்த மெருகில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணாலோ நாவாலோ அறிய இயலுமா? வாங்குபவர் செய்தவரின் நெஞ்சை நம்பியே பிள்ளையின் கையில் கிண்ணத்தைக் கொடுக்கிறார். இதனினும் பெரிய அமானிதம் எது?

இவ்வளவும் சரி, ஆனால் ஏழைக்கு இதனால் என்ன என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கையாற் செய்த ஒரு கோப்பையின் விலைக்குச் சில எவர்சில்வர் தம்ளர்களை வாங்கிவிடலாம். ஜப்பானில் யனாகி சோயெட்சு என்னும் அறிஞர், பெயரறியாத எளிய கைவினைஞர் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்தவற்றிலேயே உண்மையான அழகு உண்டென்று வாதிட்டு, 1936ஆம் ஆண்டில் தோக்கியோவில் அவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் கண்டார். அவருடைய தோழர் ஹமாதா ஷோஜி தம் கலங்களில் பெயர் பொறிப்பதையே விட்டுவிட்டார். ஆனால் 1955ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு அவரை நாட்டின் வாழும் செல்வங்களுள் ஒருவராகச் சிறப்பித்தது. பெயரில்லாத அக்கலங்களைச் செல்வர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்கிப் பேழையில் வைத்தனர். அடுக்களைக்கென்று பிறந்தது அருங்காட்சிப் பொருளாகிவிட்டது.

எனவே, எல்லோரும் கற்கலமே வாங்க வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். பிளாஸ்டிக்கைக் கண்டாலே முகம் சுளிப்பதும் நமக்கு உடன்பாடன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிள்ளைப் பகுதி மீனவக் குப்பங்களைச் சூறையாடியபின், குடிநீர் வண்டியின் முன் நின்ற பெண்களின் இடுப்பில் இருந்தது பிளாஸ்டிக் குடந்தான். இலேசானது, விழுந்தால் உடையாதது, விலை குறைந்தது. துயருற்றார்க்கு உதவிய பொருளைப் பழிப்பது நன்றியன்று. ஆனால் ஒருமுறை பருகிவிட்டு எறியவென்றே செய்யும் குவளையின் கதை வேறு. 2019 ஜனவரி முதல் தமிழக அரசு அத்தகையவற்றைத் தடைசெய்துள்ளது. எனினும் நம் விருந்துகள் முடிந்தபின் பந்தலின் பின்புறம் சென்று பார்ப்பவர், சட்டத்துக்கும் நம் பழக்கத்துக்கும் இடையிலுள்ள தொலைவை அறிந்துகொள்வார். ஒரே சகனில் கைகோத்து உண்ட சமுதாயம் நாம். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர் என்று எச்சரிக்கும் மறையை ஓதுபவரும் நாமே.

ஆகவே, கேள்வி மண்ணா எஃகா என்பதன்று. எவர்சில்வர் தம்ளரின் விளிம்பை மழுக்குகிறவருக்கும், திருமண வீட்டில் ஆயிரம் பேருக்கு ஆக்குகிற சமையற்காரருக்கும், முகமறியாப் பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதுகிற ஆசிரியருக்கும் இந்த அமானிதம் உண்டு. கையாற் செய்த கலம் அதனை நம் கண்முன் காட்டுகிறது. அவ்வளவே அதன் சிறப்பு.

வாங்குகிறவர் பக்கத்திலும் கடமை உண்டு. விலைச்சீட்டு ஒட்டிய பெரிய கடையில் வாய் திறவாமல் பணம் கொடுக்கிற நாம், தெருவோரத்தில் பானை விற்பவரிடம் ஐந்து ரூபாய்க்கு அரைமணி நேரம் வழக்காடுகிறோம். அவர் சிறியவர், நாம் வலியவர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் உண்டா? குறையிருந்தால் சொல்லித் திருப்புவோம். தழும்பைக் குறையென்று சொல்லி விலையைக் குறைக்காதிருப்போம். நல்ல கலம் கிடைத்தால் அதனைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காமல், நாள்தோறும் கழுவி நாள்தோறும் உண்போம். புழங்குவதே அதனைச் செய்த கைக்கு நாம் செலுத்தும் மரியாதை.

மனிதனைச் சுட்ட கலம் போன்ற, தட்டினால் ஒலிக்கும் களிமண்ணிலிருந்து படைத்ததாக இறைவன் சூரா அர்ரஹ்மானில் கூறுகிறான். நாமும் ஒருவகையில் கலங்களே. நம் மேற்புறத்தை உலகம் பார்க்கிறது; புகழவும் செய்கிறது. அடிப்புறத்தில் என்ன அடைத்து என்ன பூசியிருக்கிறோம் என்பது நமக்கும் நம்மைப் படைத்தவனுக்குமே தெரியும். நம்மிடம் தழும்புகள் இருக்கலாம், அவற்றுக்கு நாணவேண்டியதில்லை. பிறர் நம்பிக் கொடுத்ததைக் கசியவிடாமல் காக்கிறோமா என்பதே நம்மைக் கேட்கப்படும் கேள்வி.

இவ்வாண்டும் நார்த்தங்காய் போடுவதற்குமுன் அந்த ஜாடியைக் கழுவி, முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்தார் நம் உம்மா. வீட்டுச் சிறுமி ஒருத்தி அடியிலிருந்த கட்டைவிரல் தடத்தைக் கண்டு, "இது யாரு விரல்?" என்று கேட்டாள். தெரியாது என்றோம். "நல்ல மனுசரோட விரல்மா, அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்" என்று உம்மா சொல்லிவிட்டு, ஜாடியை நிமிர்த்தி உள்ளே உப்பிட்டார்.